அரக்கும் ஒளுவும்

எங்கள் வாப்பாவைப் போலச் சுத்தமான கைகள் உள்ள ஒரு மெக்கானிக்கை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கண்டதில்லை. மற்றவர்களுக்கு நகக்கண்ணில் கிறீஸ் கறுத்துப்போய்க் கிடக்கும். கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் அவர்கள் கை வைத்தால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். வாப்பாவின் கைகளோ பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பையின் கைகளைப் போல ரேகை தெரிய வெளுத்திருக்கும். மன்னார் கடைத்தெருவில் அது ஒரு பேச்சாகவே இருந்தது. "பாஸின்ர கையைப் பார்த்தால் எஞ்சினோட மல்லுக்கட்டுற மனுசன் எண்டு ஆர் சொல்லுவினம்?" என்பார்கள். கைத்தொழில் தெரிந்த எவரையும் எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் அழைப்பார்கள். மகளாகிய எனக்கு அந்தப் பேச்சைக் கேட்க எப்போதும் பெருமையாக இருக்கும்.

வெள்ளைக்காரன் ஏதோ தூரதேசத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவனுடைய சண்டைக்கு எங்கள் வீட்டு அரிசிப் பானையும் வாப்பாவின் வேலைப் பட்டறையும் வரி கட்டிக்கொண்டிருந்தன. கொழும்பிலிருந்து உதிரிச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. எஞ்சினின் இரண்டு இரும்புத் துண்டுகள் சேரும் இடத்தில் நடுவே ஒரு அட்டை வைக்க வேண்டும். அதற்குப் பக்கிங் என்று பெயர். அது இல்லாவிட்டால் தண்ணீரும் எண்ணெயும் நெருப்பும் தத்தம் வழியில் போகாமல் ஒன்றோடொன்று கலந்துவிடும். பக்கிங் கிடைக்காத அந்த நாட்களில் வாப்பா கிடைத்த அட்டையை எல்லாம் வெட்டிப் பக்கிங் ஆக்கினார். தடித்த காகிதம், பழைய கல்நார் அட்டையின் மிச்சம், ஒருமுறை பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட உலகப் படம் என்று எதுவும் தப்பவில்லை. உலகப் படம் ஒரு தண்ணீர்ப் பம்புக்குள் போய், நான் அறிய நெடுநாள் ஒழுகாமல் இருந்தது.

அட்டை மட்டும் போதாது. அதன் இரண்டு பக்கமும் அரக்குப் பூச வேண்டும். காய்ந்த மீன்செதிலைப் போன்ற அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வைத்தால், பனம்பாணி நிறத்தில் ஒரு பசை திரண்டு வரும். அந்த வாசனை பட்டறைக்குள்ளே இரவு பகலாக நிற்கும். 'தொழுகையாளி வீட்டில் கள்ளுக்கடை மணக்குதே' என்று லெப்பை ஒருமுறை குத்தலாகக் கேட்டதற்கு, குடிப்பது எஞ்சின்தான், அதற்கு மதம் மார்க்கம் ஒன்றும் இல்லை என்று வாப்பா சொல்லிவிட்டு வந்தாராம். தண்ணீர்க் குழாய்களின் மூட்டுக்கு வேறு பசை. வெள்ளை ஈயத் தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து வைத்திருப்பார். அதை மட்டும் நான் தொடக்கூடாது. தொட்டாலும் விரலை வாயில் வைக்கக்கூடாது. மற்றபடி அரக்குக்கு நான்தான் அதிகாரி.

நான் அதிகாரியான கதை இதுதான். தொழுகைக்கு முன்னால் முகம் கை கால் கழுவி ஒளு எடுக்கும்போது, தோலில் தண்ணீர் படாமல் மறைக்கும் எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் கழுவிவிடலாம். அரக்கு காய்ந்துவிட்டால் தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அதன் மேலே ஓடிப் போகும். ஒரு கடுகளவு ஒட்டியிருந்தாலும் ஒளு கூடாது, ஒளு கூடாவிட்டால் தொழுகை கூடாது என்பது வாப்பாவின் கணக்கு. ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் நொடியில் போகும். ஆனால் தொழப் போகிற கையில் கடைசியாகப் பட்டது ஸ்பிரிட்டாக இருக்க அவருக்கு மனம் வரவில்லை. உம்மாவின் ஊரான கொண்டச்சிக் கரையில் பொறுக்கி வந்த முத்துச்சிப்பி ஓடு ஒன்று கிணற்றடியில் கிடக்கும். தொழுகைக்கு அழைக்கும் வாங்குச் சத்தம் கேட்டதும் அந்த ஓட்டின் விளிம்பால் விரல் விரலாகச் சுரண்டுவார். அப்படிச் சுரண்டிச் சுரண்டித்தான் அந்தக் கைகள் ஊர் மெச்சும்படி வெளுத்திருந்தன.

ஒருநாள் சுரண்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "எனக்குத் தொழுகை கடமை, புள்ள. உனக்கு இன்னும் கடமையாகேல்ல. இனி அரக்கை நீ பூசு" என்றார். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயதிருக்கும். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, ராத்தாவும் நானும்தான். ராத்தாவைக் கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்தபடியால் அவள் முன்வாசலுக்கே வருவதில்லை. ஆகவே மார்க்கக் கடமை வராத ஒரே காரணத்தால் நான் வேலை பழகப் போனேன். அப்படி ஒரு வழியில் பட்டறைக்குள் நுழைந்த பெண்பிள்ளை இலங்கையில் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

வாப்பா தலைமன்னார்த் துறையில், வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவரின் கீழ் வேலை பழகியவர். அங்கே முதல் வருடம் முழுவதும் பழைய பக்கிங்கைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வேலை தரவில்லையாம். எனக்கும் அதே சட்டம். பிறகுதான் வெட்டுவது. அட்டையை இரும்பின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தால் இரும்பே அட்டையை வெட்டிவிடும். ஆணி போகும் துளை, தண்ணீர் போகும் துளை ஒவ்வொன்றையும் அப்படியே தட்டித் திறக்க வேண்டும். பிறகு அரக்கு. மெல்லிசாகப் பூசி, காற்றில் விட்டு, விரல் முட்டியால் தொட்டால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும் பதத்தில் மூட வேண்டும். பதம் வந்ததும் நான் "இப்ப, வாப்பா" என்பேன். அவர் மூடி முறுக்குவார். அந்த "இப்ப" என்ற சொல்லுக்கு ஒரு பெரிய மனிதர் கட்டுப்படுவது எனக்கு வெல்லமாக இனித்தது.

வாப்பாவைப் பற்றி ஊர் வேறு பல பெருமைகளும் பேசும். அவர் எஞ்சினைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்பார்கள். ஆள் வாசலில் காலை வைக்கும் முன்பே காலடிச் சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வேலைக்கான ஆயுதங்கள் ஒவ்வொன்றும் பலகையில் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஆணி முறுக்கும் சாவி ஒன்றை நான் இடம் மாற்றி வைத்துவிட்டால், மற்ற நேரம் குரல் உயர்த்தாத மனிதர் அன்றைக்கு வீடு அதிரக் கத்துவார். இரவில் விளக்கடியில் குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிறவர், அந்த வருடம் விரிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கியிருந்தார். அவ்வளவும் மனனமாகிவிட்டதே என்று உம்மாவிடம் அயல் வீட்டுப் பெண்கள் வியந்தார்கள். உம்மா அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். பெருமை பேசப் பிடிக்காதவர் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அந்த மாரியில் அருவியாறு பெருகித் தெற்கே முசலிப் பக்கம் போகும் பாதையை மூடிவிட்டது. அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அரிசி போவதென்றால் கடல்வழி ஒன்றுதான். கடைத்தெரு முதலாளி ஒருவரிடம் சாமான் ஏற்றும் மோட்டார் லோஞ்சிப் படகு ஒன்று இருந்தது. அதன் எஞ்சின் தலையில் பக்கிங் எரிந்து, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. எஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டச்சியில் அடுப்பு எரியவில்லை என்று ஆட்கள் வந்து சொல்லியிருந்ததால் முதலாளிக்கு அவசரம். ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையும் கொண்டச்சிதான். வேலை நல்லபடியாக முடிந்தால் சம்பந்தி வீட்டில் வாப்பாவின் பெயர் அரிசி மூட்டையோடு போய் இறங்கும் என்று சாச்சா வந்து சொல்லிவிட்டுப் போனார். சாச்சா வாப்பாவின் தம்பி. கல்யாணப் பேச்சை நடத்துகிறவரும் அவர்தான்.

எனக்கு அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் இல்லை. உம்மா ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். பட்டறை வீட்டின் முன்பக்கம், நான் கிடந்தது பின்னறை. சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, நின்று நின்று கேட்டது. நடுவில் ஒருதரம் வாப்பா அறை வாசலில் வந்து நின்று, "புள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதா?" என்று கேட்டார். இல்லை என்று உம்மா சொன்னதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். என் மேல் இவ்வளவு பாசமா என்று காய்ச்சலிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

லோஞ்சி போனது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நல்ல மழை. காய்ச்சல் விட்டு நான் எழுந்து, கஞ்சி குடித்துவிட்டுப் பட்டறை வாசற்படியில் உட்கார்ந்திருந்த பகற்பொழுதில் முதலாளி வந்தார். பின்னால் லோஞ்சி ஓட்டுகிறவரும், சாச்சாவும், வேடிக்கை பார்க்கக் கடைத்தெருவில் பாதியும் வந்தார்கள். முதலாளியின் கையில் எஞ்சினிலிருந்து பிரித்தெடுத்த பக்கிங் இருந்தது.

"பாஸ், இஞ்ச பாருங்கோ. தண்ணி போற ஓட்டை ஒண்டு வெட்டவே இல்ல. அட்டை அப்பிடியே கிடக்க, அதுக்கு மேல அரக்கையும் பூசி வச்சிருக்கு. அரிப்பு ஊருக்கு நேர எஞ்சின் சூடேறி நிண்டு போச்சு. ஒரு பகல் முழுக்க மழையில கடல் கொண்டு போற பக்கம் போனனாங்கள். வங்காலைப் பொடியள் கண்டு, வள்ளத்தில கயிறு கட்டி இழுத்திராட்டி இப்ப எங்க கிடந்திருப்பமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

வாப்பா பக்கிங்கை வாங்கினார். அதைப் பார்க்கவில்லை, பெருவிரலை அதன் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் விரல் நின்றது. பிறகும் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார். சாச்சாவின் முகம் செத்துப்போயிருந்தது. கொண்டச்சிக்கு லோஞ்சி போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, இந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"இது புள்ள செய்த வேலை, முதலாளி" என்றார் வாப்பா.

"எந்தப் புள்ள?"

"என்ர இளைய மகள். நான் தொழப் போன நேரம் அவளிட்டக் குடுத்திட்டுப் போனனான். குடுத்தது என்ர பிழை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. இளைய மகள் என்றால் நான்தான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. கடுகளவு அரக்குக்காகக் கையைச் சுரண்டிக்கொண்டு நிற்கிற மனிதர், ஊர் நடுவில், பகல் வெளிச்சத்தில் ஒரு பொய்யைச் சொல்கிறார். நான் திரும்பி உம்மாவைப் பார்த்தேன். உம்மா கதவுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என் நெற்றியில் துணி போட்டுக்கொண்டு இருந்தவர் அவர். அவள் பாயில் கிடந்தாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உம்மா என் கண்ணைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த முதுகை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

முதலாளிக்கு வந்த கோபம் பாதி வழியில் திசை மாறியது. ஒரு மெக்கானிக் செய்த பிழையை மன்னிக்க முடியாது. ஒரு சின்னப் பிள்ளை செய்த பிழையைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடியும். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு லோஞ்சி ஓட்டுகிறவரும் சிரித்தார். "பொம்பிளப் புள்ளையிட்டையோ என்ர எஞ்சினைக் குடுத்தனீங்கள்?" என்று முதலாளி தலையில் கை வைத்தார். சாச்சா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

போகும்போது முதலாளி நின்று ஒரு வாக்குக் கேட்டார். இனிமேல் அந்தப் பிள்ளை எந்த எஞ்சினிலும் கை வைக்கக்கூடாது. வாப்பா என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். எதையோ கேட்பவரைப் போல இருந்தது. பிறகு, "வைக்கமாட்டாள்" என்று சொன்னார்.

பொய்யைச் சொன்னவர், அந்தப் பொய்யின் பேரில் கொடுத்த வாக்கை மட்டும் அச்சொட்டாகக் காப்பாற்றினார். மறுநாள் நான் பட்டறைக்குள் காலை வைத்தபோது, "உள்ளுக்குப் போ, புள்ள" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஓதப்பள்ளியில் பிள்ளைகள் எனக்கு 'எஞ்சின்காரி' என்று பெயர் வைத்தார்கள். "ஓட்டை எங்கடி?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் வாப்பா பொய்யர் என்றாகும். அது எஞ்சின்காரியைவிட மோசமான பெயர் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஒன்பது பத்து வயதில் ஒருத்தியிடம் இருக்கக்கூடிய ஒரே ஆயுதம் அதுதான்.

பெரிய எஞ்சின்கள் வருவது அதற்குப் பிறகு குறைந்தது. வந்தவற்றையும் வாப்பா ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்பினார். சைக்கிள், தையல் மெசின், பெற்றோல்மாக்ஸ் விளக்கு என்று கைக்குள் அடங்குகிற சாமான்களை மட்டும் எடுத்தார். ஊர் அதற்கும் ஒரு காரணம் சொன்னது. அந்த லோஞ்சிச் சம்பவத்தில் மனம் நொந்து போனாராம். மாரி கழிந்து பாதை திறந்ததும் கொண்டச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எஞ்சின்காரியைக் காட்டச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத் தோடு ஒன்று கொடுத்தார்கள். ராத்தாவின் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடாமல் நின்றார்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் சாச்சா அவரை யாழ்ப்பாணத்துக் கண் டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போனார். வாப்பாவின் கண்ணை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே நரம்பு வருடக்கணக்காக வாடிக்கொண்டு வந்திருக்கிறது. ஸ்பிரிட்டின் ஆவியா, கடல் வெயிலா, பிறவியா என்று டாக்குத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் எப்படி எஞ்சின் வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேட்டாராம். வாப்பா அதற்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். நானோ கண் டாக்குத்தர் என்ற பேச்சையே பல வருடம் கழித்து, எனக்கும் தொழுகை கடமையாகி, நானும் கல்யாணமாகி ஒரு வீட்டுக்குப் போன பிறகுதான் கேட்டேன். என் கை அவருக்குத் தேவைப்பட்டது ஒளுவுக்காக இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு முதலாளியிடம் அவர் வாக்குக் கொடுத்தபோது, தனக்கு மிச்சமிருந்த பார்வையான என்னையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கல்யாணத்தை நடத்த அவரிடம் விற்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது நான் பேசாமல் இருந்த அந்த நாட்களில் நடந்த ஒன்றை. ஒருநாள் பிற்பகலில் அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள். வாப்பா கிணற்றடியில் குந்தியிருந்து சிப்பி ஓட்டால் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கெண்டியில் தண்ணீர் எடுக்கப் போனேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. தோல் சிவந்து, ஒரு விரலில் இரத்தம் கசிந்திருந்தது. என் காலடியைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு கைகளையும் விரித்து என் பக்கம் நீட்டினார்.

"இருக்கா பாரு, புள்ள."

எனக்குப் பேச விருப்பமில்லை. ஆனால் தொழுகை விஷயம் அல்லவா? கெண்டியை வைத்துவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்து, விரல் விரலாக, நக இடுக்குகளைக்கூட விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கிங்கில் நான் ஒரு துளையையும் விட்டதில்லை. இதிலும் விடமாட்டேன் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. ஒன்றும் இருக்கவில்லை.

"இல்ல" என்றேன்.

உடனே அவர் சிப்பி ஓட்டைக் கீழே போட்டார். இன்னொரு தடவை தடவிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரை ஊற்றி ஒளு எடுத்துக்கொண்டு எழுந்து பள்ளிக்குப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாங்குக்கும் என்னைக் கூப்பிட்டுக் கைகளை நீட்டினார். நான் பார்த்து "இல்ல" என்பேன், அவர் போய்விடுவார். ஊருக்கு முன்னால் என் கையை நம்பக்கூடாது என்று சொன்ன மனிதர், அல்லாஹ்வுக்கு முன்னால் போய் நிற்பதற்கு என் ஒரு சொல்லை நம்பிப் போகிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாப்பாவுக்கு வயது போகப் போக மார்க்கப் பேணுதல் குறைந்துகொண்டு வருகிறது, முன்பைப் போலச் சுரண்டுவதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.